பத்து நாற்பது பஸ், ஆறு நிமிடம் தாமதம்

விசிலை வாயில் கவ்வியபடி கனகசபாபதி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரமாகிவிட்டது. இன்னும் இரண்டு பேர் வரமாட்டார்களா என்ற ஆசையில் சாரதி பஸ்ஸை உறுமவிட்டுக்கொண்டு அசையாமல் இருக்கிறார். கனகசபாபதி விசிலை எடுத்துவிட்டுக் கத்துகிறார்: "எடு, எடு! கடலுக்கை நிக்கிறவனும் கரைக்கு வந்து ஏறட்டும் எண்டு பாக்கிறியோ?" விசில் சந்தியைக் கிழிக்கிறது. யாழ்ப்பாணம் போகும் பஸ் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்படுகிறது. அவர் குனிந்து கொப்பியில் எழுதுகிறார்.

தனியார் பஸ்களுக்கு நேரம் குறிக்கும் ரைம்கீப்பர் அவர்தான். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு பிளாஸ்ரிக் கதிரை. மேசையில் கொப்பி. பஸ் இலக்கம், வந்த நேரம், போன நேரம் என்று மூன்று கட்டங்கள். பதினெட்டு வருடமாக அதில் பஸ்ஸைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. அங்கே பஸ் ஏறுகிறவன் நான். ஒருநாள் அவசரத்துக்கு அதன் ஓரத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் குறிக்கப் போனேன். "தம்பி, உது பஸ்ஸின்ரை கொப்பி. உம்மடை கையிலை எழுதும்" என்று பேனையை மட்டும் தந்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

காலை அவசரம் ஓய்ந்தபின் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபது நிமிடம் சும்மா கிடக்கும். முன்பு அந்த நேரத்தில் அவர் வாயில் வெற்றிலை இருக்கும். மாசி மாதத்திலிருந்து கையில் போன் இருக்கிறது. நோர்வேயில் இருக்கும் ஒரே மகள் நிவேதனா அனுப்பியது.

முகநூல் கணக்கைத் திறந்து கொடுத்தவர் பக்கத்துக் கடையில் போன்களுக்கு ரீலோட் போடும் றொசாந்தி. "இதிலை பேரை எழுதுங்கோ ஐயா" என்று காட்டிவிட்டு யாரோ கூப்பிட எழுந்து போனார். அந்த இடைவெளியில்தான் காரியம் கெட்டது. எந்தப் புதுக் கொப்பியிலும் முதல் வரியில் சுவாமி பெயரை எழுதிப் பழகிய கை அது. முதல் பெட்டியில் 'சந்நிதியான்', அடுத்ததில் 'துணை' என்று எழுதிவிட்டு, தன் பெயரை எழுத மூன்றாவது பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று இல்லை. தன் படத்துக்குப் பதிலாகவும் சந்நிதி முருகனின் வேல் படத்தையே போட்டார். பெயரை மாற்றலாம் என்று றொசாந்தி சொன்னபோது மனிதர் பதறிப்போனார். "சாமியின்ரை பேரை அழிச்சுப்போட்டு என்ரை பேரை எழுதுறதோ? என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை!"

முகநூலில் என்ன எழுதுவது? தெரிந்ததைத்தான். "10.40 பஸ் 10.46க்குப் புறப்பட்டது. ஆறு நிமிடம் தாமதம். மீன் பெட்டி ஏற்றியது காரணம்." இதைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்தது பிழை. ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று ஊர்ச்சனம் எல்லாம் அந்தப் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. விருப்பக்குறி போடுவதை அவர் 'கை காட்டுறது' என்கிறார். "கனடாவிலை பதினொரு பேர் கை காட்டியிருக்கினம் தம்பி." கை காட்டியவரை விட்டுவிட்டுப் போகலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 'வணக்கம், நன்றி' எழுதுவார்.

ஆனால் அவர் பார்த்திருந்தது வேறொரு கையை. கணக்குத் திறந்த அன்றே மகளுக்கு நட்பு அழைப்பு அனுப்பினார். மூன்று மாதமாகப் பதில் இல்லை. ஞாயிறுதோறும் அவள் தாயோடு ஒரு மணித்தியாலம் கதைப்பாள். இவர் முறை வந்தால், "அப்பா, சுகமோ?" "ஓம் பிள்ளை." "சாப்பிட்டியளோ?" "ஓம்." போன் தாயிடம் திரும்பிவிடும். கதைக்கத் தெரியாத மனிதர். மகள் எங்கே போகிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்று பார்க்கவாவது கிடைக்கட்டும் என்றுதான் இதற்குள் வந்தார்.

இதை அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது. "அந்தச் 'சந்நிதியான் துணை' நீங்கள்தான் எண்டு அவவிட்டைச் சொல்லுங்கோவன் அண்ணை!"

"கூப்பிட்டு ஏத்துறதோ தம்பி? அவவாப் பாத்து ஏறட்டும்."

முன்பின் தெரியாதவர்களோடு சேராதே என்று அவளை வளர்த்தவரும் இவர்தான். பிள்ளை சொல்வழி கேட்டிருக்கிறாள்.

போன புதன்கிழமை பாரிஸிலிருந்து பஞ்சலிங்கம் என்பவர் ஒரு கருத்துப் போட்டார்: "உந்த நேரமெல்லாம் குத்துமதிப்பு. ஆர் கண்டது?" ரைம்கீப்பரின் முகம் கறுத்துவிட்டது. "குத்துமதிப்போ? என்ரை கொப்பியோ?" அன்றைய பக்கத்தை விரித்து, தூசியை ஊதிவிட்டு, அப்படியே படம் பிடித்துப் போட்டார். அவர் இடக்கைக்காரர். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, ஒரு வெட்டும் இல்லாமல் பக்கம் நிறைந்திருந்தது. உலகெங்கும் உள்ள ஊரவர் அதை எடுத்து எடுத்துப் பகிர்ந்தார்கள்.

மறுநாள் பதினொன்று இருபது பஸ்ஸுக்காக நின்றேன். மேசையில் போன் சிணுங்கியது. பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். கொப்பிப் படத்தின் கீழே நிவேதனா எழுதியிருந்தாள்: "அப்பா, இது உங்கடை எழுத்தெல்லோ? என்ரை பள்ளிக்கூடக் கொப்பியெல்லாத்திலையும் பேர் எழுதித் தந்த கையெல்லோ! ஆரோ எண்டு இவ்வளவு நாளும் விட்டிட்டன். இப்ப சேர்த்திட்டன். இண்டைக்கு 10.40 பஸ் நேரத்துக்குப் போயிட்டுதோ?"

அவர் சந்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நோர்வேயிலை இப்ப ஏழே முக்கால் தம்பி. அவவும் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்."

என் பஸ் வந்து நின்றது. அதைக் கவனிக்காமல் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். பஸ் இலக்கம் எழுதும் கட்டத்தில் 'நிவேதனா' என்று எழுதினார். வந்த நேரம்: 11.17. போன நேரத்துக்கான கட்டத்தில் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டார்.