குரூப் பார்த்துக் குடிக்கும் காட்டேரி

ரத்தப் பையைக் கையில் வாங்கியதும் முதலில் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து லேபிளைப் படிப்பாள். குரூப் சரிதானா, எடுத்த தேதி என்ன, எதுவரை தாங்கும். நர்ஸ் ஏற்கெனவே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பாள். இருந்தாலும் தன் கண்ணால் பார்க்காமல் இவள் விடுவதில்லை. பிறகு பையைச் சால்வைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். குளிர்பெட்டியிலிருந்து வந்த ரத்தம் அப்படியே ஏறினால் தோள்வரை விறைத்துப் போகும். அது கொஞ்சம் சூடேறட்டும் என்று காத்திருக்கிற நேரத்தில், வலது கைக் கட்டைவிரல் போனில் தட்ட ஆரம்பித்துவிடும். இடது கை ஊசிக்கு. ஒரே விரலால் எழுதுவதால்தான் அவளுடைய அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. வாசகர்கள் அதை நடை என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள்.

அவள் எழுதுவது காட்டேரிக் காதல் கதை. ஒரு கதைச் செயலியில் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் போடுகிறாள். படிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள். ‘அக்கா, அடுத்தது எப்போ?’ என்று கேட்டுத் துளைப்பார்கள்.

பழைய கதைகளில் வரும் காட்டேரி தலை சீவாது, நகம் வெட்டாது. வெயில் பட்டால் சாம்பலாகும், கண்ணாடியில் தெரியாது, பூண்டு வாசனைக்கு ஓடும், வீட்டுக்காரர் வா என்று கூப்பிடாமல் வாசலைத் தாண்டாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கிற கதைகளில் அது குளித்துத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையுடன் கல்லூரியின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. வெயில் அதை இப்போது எரிப்பதில்லை, இன்னும் கொஞ்சம் அழகாக்குகிறது. மனித ரத்தத்தைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறது. நூறு வயதானாலும் பதினேழிலேயே நிற்கிறது. பயந்து ஓட வேண்டிய பெண், கழுத்தைச் சாய்த்துக் காட்டுகிறாள்.

அப்படிப்பட்ட நாவல் ஒன்று, பதின்மூன்று வயதில், அவள் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் இதே ஆஸ்பத்திரி வார்டில் அவள் கைக்குக் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த கல்லூரிப் பெண் மறந்து வைத்துவிட்டுப் போனது. வெளிறிப்போன முகம். வளராத உடம்பு. அடுத்தவர் ரத்தம் இல்லாமல் உயிர் தரிக்காத பிழைப்பு. படிக்கப் படிக்க அவளுக்குப் பயம் வரவில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல இருந்தது. உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்யத் தெரியாத வியாதி அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. தலசீமியா என்று பெயர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தம் ஏற வேண்டும். அந்த வியாதி வளர்த்தியை நிறுத்திவைக்கும், மேல்தாடையைப் பல்லோடு முன்னே தள்ளும். அந்தப் பல்லுக்காகப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே காட்டேரிதான். அந்த நாவலுக்குப் பிறகு அந்தப் பெயர் வசவாகக் கேட்பது நின்றது.

ஆனால் அந்த நாவல்களிடம் அவளுக்கு ஒரு சண்டை உண்டு. “இவங்க யாருக்குமே ரத்தம்னா என்னன்னு தெரியல,” என்பாள். “கண்டவன் கழுத்தையும் கடிக்கறாங்க. குரூப் பாக்க வேணாமா? மாத்திக் குடிச்சா காட்டேரிக்கே குளிர் ஜுரம் வந்து படுத்துடும்.”

ஆகவே அவள் எழுதும் காட்டேரிகள் குரூப் பார்த்துத்தான் குடிக்கும். கடிப்பதே இல்லை. பையில் வருவதை வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளும். கொடுத்தவர் யார் என்று அவற்றுக்குத் தெரியாது, நன்றி சொல்ல ஆளில்லாத துக்கம் அவற்றுக்கு உண்டு. வருடக்கணக்காகக் குடித்த ரத்தத்தின் இரும்பு நெஞ்சில் படிந்துவிடும் என்பதால், வயிற்றுத் தோலில் ஊசி குத்திக்கொண்டு, அந்த இரும்பை வெளியேற்றும் மருந்துக்காக ஒரு சின்னப் பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கும். ‘அந்தப் பம்ப் ஐடியா எப்படிக்கா வந்துச்சு, என்ன ஒரு கற்பனை!’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நன்றி என்று பதில் போட்டுவிட்டு, தன் பம்ப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு படுத்தாள். கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. அவளுடைய காட்டேரிகள் கண்ணாடியில் தெரியும். தெரிவது மட்டும் ஒரு குழந்தை.

இப்போது அவளுக்கு இருபத்துநான்கு. ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் பலகை போட்டு அதன்மேல் நிற்பாள். கல்லூரி மாணவர்கள் வந்து, “பாப்பா, அக்கா இல்லையா?” என்று கேட்பார்கள். “அக்காதான் பேசுறேன், எத்தனை காப்பி?” என்பாள். அவர்கள் அசடு வழியும்போது தாள்களைத் தட்டி நேராக்கிக் கொடுப்பாள். கோபித்துக்கொண்டால் கடைக்கு நஷ்டம் என்பது அவள் கட்சி.

வார்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. அவளைவிட அரை விரல் உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக, பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நெட்டையன் என்று பெயர். ஒரே வியாதி, ஒரே வயது, ஒரே குரூப், பி பாசிட்டிவ். பால்பல் விழுந்த காலத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். அவள் எழுதியதை முதலில் படிப்பவனும் அவன்தான். “உன் ஹீரோ ரொம்ப அழறான், கொஞ்சம் குறைச்சுக்கோ,” என்பான். “நீ ஊசி குத்தும்போது அழறதவிடக் கம்மிதான்,” என்பாள்.

ஒருமுறை பி பாசிட்டிவ் தட்டுப்பாடு வந்தது. அன்று ஒரு பைதான் இருந்தது. பெரிய சிஸ்டர், அதாவது வார்டின் மூத்த நர்ஸ், பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேர் உதட்டிலும் நிறம் இல்லை. “அவளுக்குப் போடுங்க சிஸ்டர். எனக்கு இன்னிக்கு மேட்ச் பாக்கணும், வீட்டுக்குப் போறேன்,” என்றான் நெட்டையன். அன்றைக்கு எந்த மேட்ச்சும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் அவன் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அதை எழுதினாள். காட்டேரிகளின் ஊரில் பஞ்சம் வருகிறது. ஒரே குரூப்பைச் சேர்ந்த இருவருக்கு நடுவில் ஒரு பை. அவன் பசிக்கவில்லை என்று பொய் சொல்கிறான். ஒரே பையில் பங்கு போடக்கூடியவர்கள்தான் காதலர்கள் என்பது அன்றிலிருந்து அவள் கதையில் சட்டம் ஆயிற்று. அத்தியாயத்தை வாசகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நெட்டையன் மட்டும் இந்த முறை ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

பிறகு அவன் தங்கையின் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தது. மாற்றினால் வியாதியே போய்விடும். தங்கை தயங்காமல் கொடுத்தாள். அவன் பெரிய ஆஸ்பத்திரி உள்ள தூரத்து ஊருக்குப் போனான். இரண்டு வருடம் அங்கேயே இருந்தான். இவளுக்கும் பரிசோதித்துப் பார்த்திருந்தார்கள். அண்ணனுடையது பொருந்தவில்லை. என்னவோ தானே வேண்டுமென்று பொருந்தாமல் போனதுபோல, அண்ணன் இன்றுவரை அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. நெட்டையனுக்குக் குணமான செய்தி வந்த அன்று அம்மா, “நல்லா இருக்கட்டும். நல்ல பையன்,” என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்து வைத்த அடுப்பை மறுபடி துடைக்கப் போனாள்.

அவளும் அதையேதான் சொன்னாள், நல்லா இருக்கட்டும் என்று. மனசாரத்தான். அந்த வாரம் கதையில் நாயகன் மனிதனாகிவிட்டான். பசி போயிற்று, பம்ப் போயிற்று, கண்ணாடியில் மீசை தெரிந்தது. நாயகி காட்டேரியாகவே இருந்தாள்.

வாசகர்கள் கொதித்துப் போனார்கள். ‘காட்டேரி மனுஷனா மாறுறதா? எந்த ஊர்ல நடக்கும் இது?’ ‘அக்கா, நாங்க என்ன பாவம் பண்ணோம்?’ எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிக் கதைகளெல்லாம் முடிகிற வழியும் அதுதான். நாயகி அவனை ஒரு கடி கடித்தால் போதும், அவன் திரும்பக் காட்டேரியாகிவிடுவான், காலாகாலத்துக்கும் கூடவே இருப்பான். ‘ஒரே ஒரு கடிக்கா ப்ளீஸ்,’ என்று வாரா வாரம் கெஞ்சினார்கள். அவள் கடிக்க விடவில்லை. படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசி அத்தியாயத்தை எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை நெட்டையன் வந்தான். பெயருக்கு ஏற்றாற்போல இப்போது கொஞ்சம் நெட்டையாகவே இருந்தான். கன்னத்தில் ரத்த நிறம் இருந்தது. நேராக வந்து, காலியாக இருந்த தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். அவளிடம் பேசிக்கொண்டே இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை மல்லாத்தி நீட்டி வைத்தான்.

பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றாள். “யாருக்குடா நீட்டுற கைய? உனக்கு இங்க ஒரு சொட்டு கிடையாது. இடத்தக் காலி பண்ணு.”

வார்டே சிரித்தது. அவன் தன் கையைக் குனிந்து பார்த்து, யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்து, அப்புறம்தான் சிரித்தான். சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பித்தானைப் போட அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“எப்படி இருக்க பொடிசு?”

“இருக்கேன். தலை என்ன, குருவிக்கூடு மாதிரி?”

“எல்லாம் கொட்டிப்போய் மொளச்சது. சுருட்டையா வருது.” தலையைத் தடவிக்கொண்டான். “ரத்தம்கூட இப்ப தங்கச்சியோடதுதான். ஓ பாசிட்டிவ்.”

“குரூப்பே மாறிடுச்சா?”

“மாறிடுமாம். எனக்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும்.”

அவள் தலையாட்டினாள். தனக்கு ஏறிக்கொண்டிருந்த பையின் லேபிளை நிமிர்ந்து பார்த்தாள். ஏற்கெனவே படித்ததுதான்.

“வேலை கிடைச்சிருக்கு,” என்றான் அவன். “காத்தாலை இருக்குல்ல, மின்சாரம் எடுக்கறது, அதுல எலெக்ட்ரீஷியன். பொட்டல் காடு. சுத்திப் பாத்தா ஒரு ஆஸ்பத்திரி கிடையாது.” அதைச் சொல்லும்போது அவன் முகம் அப்படி மலர்ந்தது. “ஒரு ஆஸ்பத்திரிகூடக் கிடையாது, பொடிசு. இன்னிக்கே கிளம்பறேன்.”

“நல்லா சாப்பிடு. உயரத்துல ஏறும்போது கீழ பாக்காத.”

“அம்மா மாதிரியே பேசு.” கொஞ்ச நேரம் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். “ஆமா, அவ ஏன் கடிக்க மாட்டேங்கறா?”

“எவ?”

“உன் கதையில. இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் அந்தக் கெஞ்சு கெஞ்சறாங்க. ஒரு கடிதானே. அவன் திரும்பி வந்துடுவான்ல.”

“வந்து?”

“வந்து… ஒண்ணா இருப்பாங்க.”

“இங்கயா?” என்றாள். கண்ணால் வார்டைக் காட்டினாள். எதிர்க் கட்டிலில் ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“அவனுக்கு ஊசி குத்தின தழும்பே இப்பதான் ஆறிட்டு வருது,” என்றாள். “அதுல போய் எப்படிக் கடிப்பா, லூசு.”

“அவனே கேட்டா?”

அவள் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கேக்க மாட்டான். அவனுக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“கேட்டான்னு வெச்சுக்கோ.”

“கேட்டாலும் மாட்டா.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெரிய சிஸ்டர் வந்து, “என்ன ரகசியம், எனக்கும் சொல்லுங்க,” என்றாள். பொடிசின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம்தான், முடிந்துவிடும் என்று சொல்லிப் போனாள். நெட்டையன் பையை நிமிர்ந்து பார்த்தான். கால் பாகம்தான் மிச்சம் இருந்தது.

“இது முடியற வரைக்கும் இருக்கேன்,” என்றான். “அப்புறம் பஸ்ஸுக்குப் போனா சரியா இருக்கும்.”

எதிர்க் கட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. அவன் எழுந்து போய் அதன் கட்டிலோரம் குந்தி, தன் முழங்கைத் தழும்புகளைக் காட்டி என்னவோ கதை அளக்க ஆரம்பித்தான். குழந்தை அழுகையை நிறுத்தி அவனுடைய சுருட்டை முடியைப் பிடித்து இழுத்தது.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பையிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், அதைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள் என்று வார்டில் எல்லோரும் சிஸ்டரைக் கெஞ்சுகிற சக்கரம். வலது கையைச் சால்வைக்கு வெளியே நீட்டி, யாரும் பார்க்காதபோது, கட்டைவிரலால் அதை மெல்ல மூடும் பக்கமாக உருட்டினாள். விழுந்துகொண்டிருந்த துளிகள் தயங்கின. ஒன்று விழுந்தது. அடுத்தது உருண்டு திரண்டு, விழாமல் தொங்கியது.