கொழும்புச் சட்டை

குகதாசன் இஸ்திரிப்பெட்டியால் முதலில் கொலரைத் தேய்ப்பார். பிறகு தோள், பிறகு கைமடிப்பு. ஒஸ்லோ நகரத்து ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில், இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் உல்லாசப் பயணிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவர். வீட்டுத் துணியில் கைவைக்க மாட்டார். அது மனைவி யோகராணியின் பாடு. இந்த ஒரு வெள்ளைச் சட்டையை மட்டும் வேறு ஒருவரையும் தொடவிட மாட்டார். கொழும்புக்குப் போனால் மட்டும் போடுகிற இது கொழும்புச் சட்டை.

கொழும்பில் கடற்கரையோரம் ஒரு சூதாட்ட விடுதி இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளை இழுப்பதற்கென்றே நடப்பது. சிவப்பு நோர்வேப் பாஸ்போட்டைக் காட்டினால் காவலாளி சல்யூட் அடிப்பான். தங்குமிடத்துக்குக் கார் வரும். இரவுச் சாப்பாடு இலவசம். குகதாசன் பெரிய ஆட்டக்காரர் அல்ல. சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகக் காசு வைப்பார். தோற்றால் சிரித்துவிட்டு இறால் பொரியலுக்கு எழும்பிப் போவார். ஒஸ்லோப் புறநகர் ஹவுகெட்டோவில் வீட்டுக்குக் கிட்டக் கடையில் நிற்கும், காசு போட்டு ஆடுகிற சூது மெசினை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர்.

"அது சூது. இது உபசாரம்" என்பார். "இஞ்சையும் நான் வெளிநாட்டுக்காரன், அங்கையும் வெளிநாட்டுக்காரன். அங்கைதான் அதுக்கு ஒரு மரியாதை கிடைக்குது."

சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில் மூன்று முறை போனார். மூன்று முறையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா கனகம்மாவைப் பார்க்கத்தான் போனார். அக்காவுக்கு முழங்கால் ஏலாது, கொழும்புவரை வர முடியாது. இறங்கியதும் தொலைபேசி எடுப்பார்: "அக்கா, வெள்ளிக்கிழமை வாறன்." வெள்ளிக்கிழமை விடுதியின் கார் வாசலில் வந்து நிற்கும். "குளிரூட்டின காரை விட்டிட்டு ஆர் வவுனியா பஸ்ஸிலை இடிபடுறது? அடுத்த கிழமை பாப்பம்." அடுத்த கிழமை லீவு முடிந்துவிடும்.

"உனக்கெண்டு அடிக்காமல் விட்ட சேவல் கிழடாப் போச்சடா தம்பி. இனி அவிச்சாலும் பல்லுக்குள்ளை போகாது" என்று கனகம்மா தொலைபேசியில் சிரித்தாராம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் குகதாசன் இதைப் பகிடியாகச் சொல்வார்.

போன ஆவணியில் சண்டை திரும்பவும் தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகிடி இல்லை. கொழும்பிலிருந்து விமானத்தில் போகலாம்தான், ஆனால் வெளிநாட்டுப் பாஸ்போட்காரருக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, அயலில் இருக்கும் நான் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். குகதாசன் அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யோகராணி ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி வந்தார்.

"மார்கழிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. போய் என்ன செய்யப் போறியள்?"

"போய்ப் பாப்பம். பாதையைத் திறந்தாலும் திறப்பாங்கள்."

"திறந்து கிடக்கேக்கை போகாத மனிசன்!"

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"காலமை கனகம்மா மச்சாள் போன் எடுத்தவ. லைன் கிடைச்சதே பெரிய காரியம். அங்கை கடையளிலை ஒண்டும் இல்லையாம், அரிசிக்கும் வரிசையாம்." யோகராணியின் குரல் இறங்கியது. "சேவலை அடிக்கட்டோ, இன்னும் வச்சிருக்கட்டோ எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?"

குகதாசன், தேய்த்து முடித்த கொலரை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

யோகராணி என் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.