சுவரைப் பார்த்து நின்ற காலை

கதவைத் திறந்தேன். தெருவைக் காணோம், தண்ணீர்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று படி. அதில் மேல் படி மட்டும்தான் வெளியே தெரிந்தது. எங்கள் நாய் அந்தப் படியில் போய் நின்று, முன்காலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, உதறிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு தண்ணீரையும் நான்தான் குடம் குடமாக ஊற்றி வைத்தேன் என்பது போல ஒரு பார்வை.

"என்ன எதுக்குடா மொறைக்கிற? நானா புயல இட்டுனு வந்தேன்?" என்றேன்.

அவன் உள்ளே வந்து கதவோரமாக உட்கார்ந்துகொண்டான். படுக்கவில்லை, உட்கார்ந்தான். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. அவன் முந்தின நாள் சாயங்காலம் ஒன்றுக்குப் போனதுதான், அதற்குப் பிறகு போகவில்லை.

அவன் அம்மாவின் நாய். அம்மா இறந்து அப்போது இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனி கேட்டுக்கு வெளியே குட்டியாகக் கிடந்தவனை டிபன் பைக்குள் போட்டு எடுத்து வந்தாள். பேர் வைக்கவில்லை. "டேய்" என்று கூப்பிடுவாள். அவனும் வருவான், தெருவில் விளையாடும் பையன்களில் பாதிப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அம்மா அவனுக்குப் போட்டது ஒரே ஒரு சட்டம். வீட்டுக்குள் ஒரு சொட்டு விழக் கூடாது. வாசலிலும் கூடாது, தெருவிலும் கூடாது. ஏரிக்கரைதான். காலையில் நான் எழுந்திருப்பதற்கு முன்பே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவள் போன பிறகு அப்பா கதவைத் திறந்து விடுவார். அவன் தானாக ஏரிக்கரைக்குப் போய்விட்டுத் தானாகத் திரும்பி வருவான். யாரும் கூடப் போகத் தேவையில்லாத பிள்ளை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது ஏரியே தெருவுக்கு வந்துவிட்டது. அவனுக்கோ தண்ணீர் என்றால் ஆகாது.

நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் வரவில்லை. ரோட்டிலும் தண்ணீர் என்று போன் வந்தது. அப்பாவுக்கும் வேலை இல்லை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு இரும்புக் கம்பெனியில் லோடு இறக்கும் வேலை பார்க்கிறார். எவ்வளவு எடை என்றாலும் தூக்குவார். நாயையும் தூக்கினார்.

"பஸ் ஸ்டாப்பு மேடாத்தான் கீது. அங்க வுட்டா போய்டுவான்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவனைத் தோள்மேல் மூட்டை மாதிரி போட்டுக்கொண்டு, தண்ணீரில் இறங்கிப் போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள்.

"இன்னா நைனா?"

"பஸ் ஸ்டாப்புல ஊரே நிக்கிது. எல்லாம் இவனையே பாக்குதுங்க. ஒருத்தன் போன்ல வீடியோ வேற எடுக்கறான். இவன் என் கால கட்டிப் புடிச்சிக்கினு உட்டாத்தானே?"

எங்களுடையது லைன் வீடு. ஒரே வரிசையில் நாலு குடித்தனம், மேலே ஆஸ்பெஸ்டாஸ். மொட்டை மாடி கிடையாது. பின்பக்கம் துணி துவைக்க, தகரம் போட்ட ஒரு சின்ன மேடை இருக்கிறது. அம்மாவின் சட்டப்படி அதுவும் வீட்டுக்குள்தான் சேர்த்தி. அங்கே விட்டால் மழையை வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறான்.

தட்டில் வைத்த தண்ணீரை அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. தொட்டதும் நகர்ந்துகொண்டான். அவனுக்கு ஊசி போடும் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

"அடக்கி வச்சா கிட்னிக்கு நல்லதில்லம்மா" என்றார். "உள்ளயே போகப் பழக்குங்க. படுத்த படுக்கையா இருக்கிற பேஷன்ட்டுக்கு கீழ விரிப்பாங்கல்ல, ஒரு ஷீட்டு, அது போதும். சாயங்காலத்துக்குள்ள போகலன்னா எப்படியாவது தூக்கிட்டு வந்துருங்க."

போனை வைத்துவிட்டுப் பரணைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அந்த ஷீட் எங்கள் வீட்டில் இருந்தது. அடியில் நீலப் பிளாஸ்டிக், மேலே வெள்ளைப் பஞ்சு. அம்மா கடைசியாகக் கட்டிலில் கிடந்தபோது வாங்கியது. பிரித்த பாக்கெட்டில் பாதி அப்படியே மீதி. அவள் போன பிறகு அதை எடுத்துப் போடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பரணில் ஏற்றிவிட்டோம்.

"அது வாணாம்" என்றார் அப்பா. "பேப்பரு போடு."

பேப்பர் போட்டேன். அவன் அதை நாலாகக் கிழித்து, ஒரு துண்டை என் மடியில் கொண்டுவந்து வைத்தான். கோணியைப் போட்டேன், தாண்டிப் போனான். சின்னக் குழந்தைகளைப் பிடித்து உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார்கள் இல்லையா, அதையும் செய்து பார்த்தேன். அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். கடைசியில் அப்பா, "தோ பாரு, இப்புடி" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். அவன் வாலை ஆட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது.

சிரித்து முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பாக்கெட்டை இறக்கினேன்.

"வாணான்னு சொல்றேன்ல?"

"வேற இன்னா பண்றது நைனா? அவனும் போய்ச் சேரணுமா?"

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா ஜன்னல் பக்கம் போனார். நான் ஒரு ஷீட்டை எடுத்து, அம்மாவின் கட்டில் இருந்த மூலையிலேயே விரித்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

அவன் வந்தான். முகர்ந்தான். நல்லா முகர்ந்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மூக்கை வைத்துக்கொண்டே போனான். ஒரு சுற்று சுற்றினான், இன்னொரு சுற்று சுற்றினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்பாவும் ஜன்னலை விட்டு வந்துவிட்டார். மூன்றாவது சுற்றில் அவன் மெதுவாக மடங்கி, அந்த ஷீட்டின் மேல் படுத்து, தாடையைத் தரையில் வைத்துக்கொண்டான்.

அம்மா கட்டிலில் கிடந்த நாளெல்லாம் அவன் அந்த மூலையில்தான் அப்படிப் படுத்திருந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று அவனையே பார்த்தோம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அத்தை, முட்டிவரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைமேல் ஒரு பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். சொந்தம் கிடையாது. அம்மாவை அண்ணி என்றும் அப்பாவை அண்ணா என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அத்தை ஆனவள். பாத்திரத்தில் உப்புமா.

"நாஷ்டா துன்னீங்களா இல்லியா? இன்னா இது, ரெண்டு பேரும் அவன நடுவுல உட்டு பஞ்சாயத்து வெச்சினுகீறீங்க?"

சொன்னேன். அத்தை பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்ய! இப்புடி போலீஸ்காரனாட்டம் மொறைச்சினு நின்னா எவன் போவான்? நீ போவியா? அண்ணா, நீ போவியா?"

"நா எதுக்கு போறேன்?" என்றார் அப்பா.

"அண்ணி அவனப் பாக்கவே பாக்காது. திரும்பி நின்னுக்கும். அது பாட்டுக்கு எங்கூட பேசினே இருக்கும். அப்பதான் இவன் போவான். தெனமும் பாப்பேன்ல நானு?"

எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அத்தை சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் வரிசைக்குக் கக்கூஸ் கட்டுவதற்கு முன்னால் பெண்கள் எல்லோரும் இருட்டோடு சேர்ந்துதான் ஏரிக்கரைக்குப் போவார்களாம். ஒருத்தி ஒதுங்கினால் மற்றவர்கள் முதுகைக் காட்டி நின்றுகொள்வார்களாம். பார்க்கக் கூடாது, ஆனால் பேச்சை நிறுத்தவும் கூடாது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். கக்கூஸ் வந்த பிறகு மனுஷர்களுக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. அம்மா அதை நாய்க்குக் கொடுத்திருக்கிறாள்.

"வேற ஷீட்டு ஒண்ணு பின்னால எடுத்துனு வா. புல்லு மண்ணு ஒண்ணும் இல்லாம போட்டா அவனுக்குப் படுக்கைன்னுதான் தோணும்" என்று சொல்லிவிட்டு, அத்தை தன் வீட்டுக் கற்பூரவல்லித் தொட்டியிலிருந்து புல்லும் மண்ணுமாக ஒரு பிடி பெயர்த்து வந்தாள். துவைக்கிற மேடையில் புது ஷீட் ஒன்றை விரித்து, நடுவில் அந்த மண்ணை வைத்தோம். அவனை அழைத்து வந்து விட்டோம்.

"திரும்புங்க" என்றாள் அத்தை.

மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். மூக்குக்கு நேரே ஈரச் சுவர். மேலே தகரத்தில் மழை.

"பேசுங்க."

"இன்னாத்த பேசுறது?" என்றார் அப்பா.

"எதுனா பேசுண்ணா. அவனுக்குச் சத்தம் கேக்கணும்."

"தக்காளி இன்னா வெல?" என்றேன் நான்.

"தக்காளியே இல்ல, இதுல வெல வேற" என்றாள் அத்தை. பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. பின்னால் நகம் தரையில் படும் சத்தம் கேட்டது. நான் கண்ணைச் சாய்க்கப் பார்த்தேன். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"பேசுங்கன்றேன்ல."

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அவளுக்கு தக்காளின்னா உசுரு" என்றார் சுவரிடம். "கல்யாணம் ஆன புதுசுல ஊத்துக்கோட்ட சந்தைக்கு இட்டுனு போனேன். பூவு வாங்கித் தர்றேன்டின்னேன். வாணாம், ரெண்டு கிலோ தக்காளி வாங்குன்னா. பஸ்ஸுல உக்காந்து உப்புகூட இல்லாம கடிச்சித் துன்னுனே வந்தா. சட்டையெல்லாம் எனக்கு சாறு. ஊட்டுக்கு வந்தா எங்கம்மா கேக்குது, எவன்டா உன்ன குத்துனதுன்னு."

அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா போன நாளிலிருந்து அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடும்போது நான் ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இப்போது அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவள் சைக்கிள் கத்துக்கொள்ளப் போய்ப் பஞ்சாயத்துத் தலைவர் மேலேயே விட்டது, கொறட்டை விடுவதை ஒத்துக்கொள்ளாமல் நாய்மேல் பழி போட்டது, எல்லாவற்றையும் சொன்னார்.

"அண்ணி அதையும் எங்கிட்ட சொல்லிச்சு" என்றாள் அத்தை. "'அவருதாண்டி கொறட்ட, நானு இல்ல'ன்னு."

"அடிப்பாவி!" என்றார் அப்பா.

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். இது வேறு சத்தம், பக்கத்தில் கேட்டது. தொடங்கியது, நிற்கவே இல்லை.

யாரும் திரும்பவில்லை. அப்பா பேச்சை நிறுத்தவும் பயந்து, "அப்புறம்... அப்புறம் இன்னா ஆச்சின்னா..." என்று ஒன்றும் இல்லாததையே இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன். சத்தம் இன்னும் நின்றபாடில்லை.

"இன்னாடா இது, ஏரி மதக தொறந்து உட்டாப்பல" என்றாள் அத்தை.

சத்தம் ஓய்ந்ததும் திரும்பினோம். மண் கரைந்து ஓடியிருந்தது. ஷீட் குடிக்க முடிந்தவரை குடித்துவிட்டு மீதியை வெளியே விட்டிருந்தது. அவன் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, நேராக உள்ளே போய்த் தட்டிலிருந்த தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தான்.

"குடிக்கிறான் பாரு, மறுபடியும் வரும்" என்றார் அப்பா. "இன்னொண்ணு எடுத்துனு வந்து விரி."

நான் அவரைப் பார்த்தேன்.

"எடுத்துனு வாம்மா. அவளுக்குன்னு வாங்குனது, அவ புள்ளைக்குத்தானே ஆவுது."

தண்ணீர் வடிய நாள் ஆனது. அதற்குள் மீதி ஷீட் எல்லாம் தீர்ந்துவிட்டது. அவனும் நன்றாகக் கற்றுக்கொண்டான். ரொம்ப நன்றாகவே கற்றுக்கொண்டான். வெயில் வந்த முதல் காலை நான் சீக்கிரம் எழுந்து அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். முதுகைக் காட்டி நின்று வாய் வலிக்கப் பேசினேன். அவன் சேற்றைப் பார்த்து மூக்கைச் சுருக்கிவிட்டு, சங்கிலியோடு என்னை வீட்டுக்கு இழுத்து வந்து, நேராகப் பின்கட்டுக்கு ஓடினான். அங்கே ஷீட் இல்லை. என்னை மறுபடியும் அதே பார்வை பார்த்தான்.

"நல்லா கத்துக் குடுத்த போ. தொரைக்கு இனிமே ஷீட்டு இல்லாம ஆவாது, பேஜாரு" என்றார் அப்பா.

சட்டையைப் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்குப் போனார். அம்மாவுக்கு மருந்து வாங்கிய கடை அது. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில்தான் வேலைக்குப் போய்வந்தார். திரும்பி வந்தபோது கக்கத்தில் பாக்கெட், வாயெல்லாம் சிரிப்பு.

"கடைக்காரன் மூஞ்சி அப்புடியே தொங்கிப்போச்சி. 'ஊட்ல மறுபடியும் யாருக்குண்ணா?'ன்றான். பையனுக்குன்னேன். 'உனுக்கு ஒரே பொண்ணுதானே?'ன்றான். 'இவன் நாலு காலு புள்ளபா, மழைன்னா வெளிய போவமாட்டான்'னேன்."

இப்போது மழை நாளில் மட்டும் ஷீட். மற்ற நாளில் ஏரிக்கரை என்று ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். நாங்கள் திரும்பி நிற்கிறோமா இல்லையா என்பதெல்லாம் அவனுக்கு இப்போது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் மழை பெய்யும் சாயங்காலங்களில் நானும் அப்பாவும் துவைக்கிற மேடைக்குப் போய் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம். அப்பா பேசுவார், நான் கேட்பேன். சில நாள் நான் பேசுவேன்.

நேற்றும் அப்படித்தான். அம்மா எனக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கிறேன் என்று ஏரியில் தள்ளிவிட்ட கதையை நான் பாதியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தை அந்தப் பக்கத்துச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னுமா முடியல உங்க நாயிக்கு?"

அவன் எப்போதோ முடித்துவிட்டு உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா" என்றார் அப்பா, திரும்பாமலே. "இன்னும் போய்க்கினேகீறான்."