தலையில்லாத நாற்பத்தேழு

விரலகலம்கூட இல்லாத காகித நாடா, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். அறுபதுகளில் பம்பாய்த் தந்தி அறையில் எனக்குச் சோறு போட்டது அதுதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் நாடாவின் தலைப்பை விரலால் தடவியே, எந்த ஊருக்குப் போகிற செய்தி என்று சொல்லிவிடுவேன். தாராவியிலிருந்து வந்த கூலியாள் ஒருத்தன் இப்படிச் செய்கிறானே என்று ஆபீசர்களே நின்று பார்த்திருக்கிறார்கள். பொய்யில்லை.

மதராஸ் லைன் மெஷினிலிருந்து நாடா வந்துகொண்டே இருக்கும். ஒரு செய்தி முடிந்த இடத்தில் கிழித்து, எந்த ஊருக்கோ அந்த ஊர் மெஷினில் கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பேரன் சமீபத்தில், “தாத்தா, தகவல் ஒவ்வொரு மெஷினா கைமாறிப் போகும். ஒரு வழி அடைச்சா வேற வழியா சுத்திப் போகும். வரலைன்னா திரும்பக் கேக்கும்” என்று எனக்குப் பாடம் நடத்தினான். “அந்த மெஷினே நான்தாம்ல” என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தந்தி அறைக்கு மாட்டுங்காவிலிருந்து வேலைக்கு வந்த ஆபரேட்டரம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. செய்தி வர வர அந்த அம்மா அதைத் தாளில் குறிப்பார். எண் விட்டுப்போனால் மதராஸிடம் திரும்பக் கேட்பார். அங்கே நகல் இருக்கும்.

நல்ல மழைக்காலத்தில் ஒரு நாள். இரண்டு கையால் இரண்டு மெஷினில் கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். “யாருப்பா உன்னை இவ்ளோ வேகம் கேட்டா? மகாலட்சுமி ரேஸ்ல ஓடற குதிரையா நீ?” என்றார் அம்மா. அந்த மிதப்பில் நாலு விரற்கடை தள்ளிக் கிழித்துவிட்டேன். அடுத்த செய்தியின் தலை, அதாவது எண், ஊர், பெயர் எல்லாம், முந்தினதன் வாலோடு போய்விட்டது. வால் நீளம் என்று அதை நறுக்கிக் கூடையில் போட்டவனும் நானேதான். தெரிந்து ஓடிப் பார்த்தபோது கூடை காலி. பெருக்குகிறவன் அள்ளிப் போயிருந்தான். கையில் மிச்சம் வெறும் உடம்பு. யாருக்கு என்று இல்லாத செய்தி.

முந்தின வாரம்தான் என்னைப்போல் தற்காலிக ஆள் ஒருத்தனை நின்ற நிலையில் வெளியே அனுப்பியிருந்தார்கள். என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

“நாற்பத்தேழு எங்கேப்பா?”

“வரலம்மா. மழைல்லா, லைன் உளறுது.”

நம்பிவிட்டார். மதராஸைக் கேட்கக் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து லைன் செத்தது. “சரி, லைன் வரட்டும், கேட்டுக்கலாம்” என்று வேறு வேலை பார்த்தார்.

அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பைக்குள் இருந்த நாடா நெஞ்சில் அட்டைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. கிளம்புகிற கப்பலோ, சாகக் கிடக்கிற ஆளோ, எனக்கென்ன தெரியும்? துளையில் ஊர் படிக்கத் தெரிந்தவனுக்கு உள்ளே இருக்கிற சேதி படிக்கத் தெரியாது. என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மாட்டப்போன நாடாக்கள் கைநழுவின. இரண்டு மணி நேரம் தாண்டியதும் தாங்கவில்லை. எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“அம்மா, நாந்தான் கிழிச்சேன்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் நாடாவைக் கண்ணருகில் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது. முகத்தில் இரத்தமே இல்லை. “இதை வெச்சுண்டா இத்தனை நாழி சும்மா நின்னே?” என்றார். அவ்வளவுதான். நாகபுரி மெஷினுக்கு ஓடினார். ‘எங்களுக்கும் மதராஸுக்கும் லைன் இல்லை, நாற்பத்தேழை உங்கள் வழியாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்’ என்று அடித்தார்.

இருபது நிமிஷத்தில் நாகபுரி மெஷின் நாடா கக்கியது. இந்தத் தடவை தலையோடு. தடவினேன், பூனா. அம்மாவும் நானும் சேர்ந்தே பூனா மெஷினில் மாட்டினோம்.

என்மேல் அவர் புகார் எதுவும் எழுதவில்லை. என் வேலை தங்கியது. சாயங்காலம் குடையை விரித்துக் கிளம்பியவரிடம், “நேரத்துக்குப் போயிருக்குமாம்மா? அதுல என்னதான் இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“தந்தில இருக்கறதை வெளில சொல்லப்படாது” என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். “போய்ச் சேர்ந்துடுத்து. நேரத்துக்கான்னு என்னைக் கேக்காதே.”

தாராவியில் இன்று எனக்கு மூன்று பட்டறை. யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. பூனா என்று யாராவது சொன்னால் மட்டும், பேச்சை மாற்றிவிடுகிறேன்.