அபிதா பிடித்த தொரட்டி

பொண்டாட்டி அடி தாங்காமல் என் பேரன் முத்துராஜா ஓடிப்போனானாம். பக்கத்து வீட்டு அக்கம்மாள் வாய் கூசாமல் சொல்கிறாள், அதுவும் என் வாசலிலேயே நின்றுகொண்டு.

"நெசமாத்தேன் மதினி. அபிதா தொரட்டியத் தூக்கிட்டு அவன வெரட்டுனத நானே பாத்தேன்."

"பாத்தியே, அவன் கையில பந்து இருந்ததப் பாத்தியா?"

"பந்தோடதேன் ஓடுனான்."

இவளிடம் என்னத்தைப் பேச? தொரட்டியும் உண்மை, அடியும் உண்மை. ஓடிப்போனது மட்டும் பொய்.

முத்துராஜா லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறவன். தோளும் இடுப்பும் அம்மிக்கல் மாதிரி. பின்பக்கத்தைச் சொல்லவே வேண்டாம், டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு அவன் ஒருவனுக்கே சரியாக இருக்கும். உயரம்தான் ஆறடிகூட இல்லை. பேஸ்கட்பாலில் ரிங்குக்கு அடியில் நிற்கிறவன் பனைமரமாக இருக்க வேண்டுமாம். இவனோ அங்கேதான் நிற்பேன் என்பான். தள்ளி நின்று எறியச் சொன்னால் பந்து பக்கத்துத் தோப்பில் போய் விழும்.

மே மாதம் பெரியகுளம் டோர்னமெண்டில் கோயம்புத்தூர் மில் டீம் மேனேஜர் ஒருவர் இவனைக் கூப்பிட்டார். டீமில் சேர்ந்தால் மில்லில் நிரந்தர வேலை. தார் சுமக்கிற பிழைப்பு அன்றோடு தீர்ந்துவிடும். தன் டீம் நெட்டையனை எதிரே நிறுத்தி ஆடவிட்டார். இவன் போட்டதையெல்லாம் அவன் ஈ ஓட்டுவது மாதிரி தட்டிவிட்டான்.

"ஒடம்பு இருக்குது, ஒசரம் இல்லீங்களே தம்பி. அடுத்த மாசம் இன்னொருக்கா வர்றனுங்க. அன்னைக்கும் தட்டுனான்னா அவ்ளோதானுங்க."

வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் ரிங்கை அடித்தான். நெட்டையன் கைக்கு எங்கே போவது? அபிதாதான் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்து வந்தாள். பாதி நேரம் பந்தைத் தட்டினாள், மீதி நேரம் மண்டையை.

"ஏட்டி, பந்தத் தட்டச் சொன்னா புருசனத் தட்டுற?"

"ரெண்டும் ஒரே சைசுல இருந்தா நான் என்ன செய்ய மாமா?"

ஒருநாள் அடிக்குப் பயந்து, எறிவது மாதிரி பந்தைக் காட்டிவிட்டு, குனிந்து ரிங்குக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் இடது கையால் போட்டான். துரத்தி வந்த தொரட்டி ரிங்கில் மாட்டிக்கொண்டது. அபிதா இழுக்கிறாள், வரவில்லை.

"அடியே, இந்த ரிங்கு நம்ம கட்சிடி!" என்று கத்தினான்.

அப்புறம் அதே வேலைதான். முதுகைக் கொடுத்து, பின்பக்கத்தால் இடித்து நகர்த்தி, பந்தைக் காட்டி ஏமாற்றி, அடியில் புகுந்து மறுபக்கம். ஏமாற்றலாமா என்று கேட்பீர்கள். ஆறரை அடி வளர்ந்தவன் என்னிடம் வந்து நியாயம் பேச வேண்டாம்.

சொன்னபடி மேனேஜர் வந்தார். நெட்டையன் குதித்தான், இவன் குதிக்கவில்லை. அவன் இறங்குவதற்குள் இவன் மறுபக்கம். தட்ட வந்த கை ரிங்கில் 'டங்'கென்று பட்டது. மறுபடி, மறுபடி. கடைசியில் நெட்டையனே கையை உதறிக்கொண்டு, "சார், இவன நம்ம டீம்லயே சேத்துருங்க, எதிர்ல ஆட முடியாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூர் மில்லுக்குக் கிளம்பினான். நெற்றியில் பிளாஸ்திரி, தோளில் பை. அன்றைக்குப் பார்த்த தொரட்டியோடு இதையும் முடிச்சுப் போட்டுத்தான் அக்கம்மாள் கதை கட்டுகிறாள். வீடு கிடைத்ததும் அபிதாவைக் கூட்டிப் போவான்.

நிலைப்படியைத் தாண்டும்போது, இடித்துவிடும் என்பது போல் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவன் தலைக்கு மேலே ஒரு முழம் இடம் இருந்தது.