சாரைக் கண்டால் எனக்கு ஆகாது

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. காலையில் பூசை முடிந்ததும் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவோம். முன்பெல்லாம் வலையின் மறுமுனையைப் பிடிக்க என் மகன் இருப்பான். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு அவன் வருவதில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஒரு சார் பாடம் நடத்துகிறார். என்னோடு வள்ளத்தில் மீன் பிடிக்க வந்தவரின் மகன்தான். அவன் சாராகிவிட்டான், நான் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தால் மகன் வாயில் சார் பேச்சுதான்.

"சார் சொல்லுதாவ, சார் சொல்லுதாவன்னா, சாரே சோறும் போடுவாராலே?" என்றேன் ஒருநாள்.

"வயிறு எரியுதோ?" என்று மனைவி சிரித்தாள். எரியத்தான் செய்தது.

ஒரு ஞாயிறு மதியம் மகன் வகுப்புக்குக் கிளம்பும் நேரம், நான் வேலை பார்க்கும் வள்ளத்தின் முதலாளி பைக்கில் வந்தார். மதியத்துக்கு மேல் கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத நாள் அது ஒன்றுதான். இலங்கைக்குக் கள்ளத்தனமாகப் போகிற பீடி இலை மூட்டைகளை ஏற்ற அவருக்குப் பையன்கள் தேவை.

"ஏலே, கொஞ்ச நேர வேலைதான். வா" என்று மகன் தோளில் கை போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான் வரல அண்ணாச்சி. கேஸ் விழுந்தா பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்கும்போது மாட்டிக்கிடும். பொறவு கப்பல் வேலைக்குப் போக முடியாது. சார் விவரமாச் சொல்லிருக்காவ."

"கப்பலுக்கு நீதான் கேப்டனோ?" என்று சிரித்துவிட்டு முதலாளி போய்விட்டார்.

போலீஸ் அடிப்பான் என்று மட்டும்தான் நான் மகனிடம் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட் சங்கதி எனக்குத் தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேனே! என் பிள்ளையைக் காப்பாற்றிய வார்த்தை இன்னொருவன் வார்த்தையாக இருந்தது.

அன்றைக்கே இரண்டு பையன்கள் மூட்டையோடு பிடிபட்டார்கள். ஒருவன் சாரிடம் படித்துப் பாதியில் நின்றவன். செய்தி கேட்டதும், சாருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சார் இல்லை. என் மகன் கரும்பலகைக்கு முன்னால் நின்று சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சார் ஸ்டேஷனுக்குப் போயிருக்காவ. அந்தப் பயலுவளக் கூட்டிட்டு வந்து திரும்பவும் படிக்க வைக்கணுமாம்."

"நீ வீட்டுக்கு வாலே. ஊரே கலவரமாக் கிடக்கு."

"சார் வார வரைக்கும் ஒருத்தனும் வெளிய போவக் கூடாது. நீங்களும் உக்காருங்கப்பா."

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மகன் திரும்பிப் பார்த்து, "காலை மடக்கிக்கோங்க, பிள்ளைங்க நடக்கணும்" என்றான். மடக்கிக்கொண்டேன். வீட்டில் அவன் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அந்தக் கண்டிப்பும் நிதானமும் அப்படியே சார் பேசுகிற மாதிரி இருந்தன. நன்றியை நான் இன்னும் சொல்லவில்லை.