கறுவலும் கச்சானும்

பியர் விற்கிறவனுக்குத் தாகம் எடுக்கக் கூடாது. எடுத்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டு அடுத்தவனுக்குப் போத்தலைத் திறந்து கொடுக்க வேண்டும். நான் ஆரையம்பதியில், வாவிப் பக்கத்துப் பார் ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். அதற்கு முன் பாதி ஆயுளைத் துண்டுப்பிரசுரம் எழுதியும், அதற்காக உதை வாங்கியும் கழித்தவன். படித்ததும் துண்டுப்பிரசுரத்தில்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆசைப்பட்டதைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு தொட முடியாத வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், தோழர்களே, இது உங்களுக்குத்தான்.

எந்தக் கச்சான்?

ஆடியில் இங்கே கச்சான் காற்று அடிக்கும். அறுத்த வயலெல்லாம் தாண்டி மேற்கிலிருந்து வருகிற அனல் அது. அந்த நேரத்துக்கு ஸ்டவுட் என்கிற கறுப்புப் பியர்தான் சரி. எங்களுக்கு அது கறுவல். அதிகம் குளிரப் போடக் கூடாது; போட்டால் அந்தக் கருகின சீனி வாசம் செத்துப்போகும்.

கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் கறுவல் ஒன்றை வாங்கிக்கொண்டு, "கச்சான் இல்லையா?" என்று கேட்டார். "காலையில கொஞ்சம் அடங்கிக் கிடந்தது சேர். இப்ப வரும், மூஞ்சில அடிக்கும்" என்றேன். அவர் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, நான் கேட்டது கொறிக்கிற கச்சான், வறுத்த நிலக்கடலை."

அடிமட்டம்

நெல் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்தில் தோழன் குணமும் நானும் ஒரே சைக்கிளில் திரிந்தோம். ஒருமுறை போயா என்கிற பௌர்ணமி நாளில் கூட்டம் வைத்தோம். விடுமுறை என்பதால் சனம் நிறைய வந்தது. ஆனால் போயா என்றால் பாரெல்லாம் பூட்டு. அதனால் குணம் முதல் நாளே இரண்டு கறுவல் வாங்கி, கயிற்றில் கட்டி, கூட்டம் நடந்த வளவுக் கிணற்றுக்குள் இறக்கி வைத்திருந்தான். நான் எட்டு மணித்தியால வேலையைப் பற்றி முழங்கினேன். கண் முழுக்க அந்தக் கயிற்றில்தான்.

கூட்டம் முடிந்து இழுத்தோம். கயிறு மட்டும் வந்தது. குணம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தோழர், நம்மட போராட்டம் அடிமட்டத்துக்குப் போயிட்டு."

கடைசிக் கோரிக்கை

குணம் பிறகு கனடாவுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு கச்சானுக்கும் வாறன் என்பான், வரமாட்டான். இந்த வருடம் டிக்கெட் போட்டாயிற்று என்றான். அதே கிழமைதான் முதலாளி, இளசுகள் எல்லாம் ஸ்ட்ரோங் பியர் கேட்கிறார்கள், இனிக் கறுவல் எடுப்பதில்லை என்று அறிவித்தார்.

சும்மா விடுவேனா? வயோதிபரின் உரிமை, பழைய வாடிக்கையாளரின் உரிமை என்று அவர் மேசைக்கு முன்னால் நின்று பேசினேன். குரல் அந்த நாளைப் போலவே ஏறியது. ஒரு பெட்டி எடுக்கச் சம்மதித்துவிட்டு முதலாளி சொன்னார்: "அண்ணன், உங்கட சம்பளத்துக்குக்கூட நீங்க இப்பிடிக் கத்தல்லயே!"

இரண்டு கிளாஸ்

குணம் வந்தான். பின்னேரம் மூன்று மணி. கச்சான் யன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. தலை முழுக்க நரை, சிரிப்பு மட்டும் அதேதான். கறுவலைத் திறந்து வைத்தேன். "ரெண்டு கிளாஸ் எடு" என்றான். எடுத்தேன். இரண்டிலும் ஊற்றினான். வேலை நேரத்தில் குடித்தால் வேலை போய்விடும் என்றேன். "எத்தின மணிக்கு முடியும்?" என்றான். "பார் பூட்டுற நேரம், ராவைக்கு ஒன்பது. வந்தது காலையில பத்துக்கு." அவனுக்கோ ஆறு மணிக்குக் கொழும்பு பஸ்.

காத்திருந்தான். தன் கிளாஸைச் சிறிது சிறிதாக முடித்தான். என் கிளாஸில் நுரை அடங்கிக் கறுப்புத் தண்ணீராக நின்றது. வாசம் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது. எழும்பும்போது கவுண்டருக்கு மேலால் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "எட்டு மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்யாதீங்க எண்டு ஊரெல்லாம் கத்தினது நீதானே மச்சான்?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ கறுவல் குடித்திருக்கிறேன், ஆனால் ருசியானவை அந்தக் கிணற்றுக்குள் போன இரண்டும்தான்.